உலோக உறையும் கிட்டார் ஒலியும்



மேசைக் கடிகாரத்தின் பின்மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே சுழலும் பற்சக்கரங்களைக் கண்டு வியவாத சிறுவன் அரியன். கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் தந்தையாரிடம் அகப்பட்டுக்கொண்டவர்களும் நம்மிடையே பலர் உளர். நானும் அவர்களுள் ஒருவன். இன்று நான் சொல்லப் புகுவதும் ஒரு கழற்றலின் வரலாறுதான். ஆனால் இங்கே கழற்றப்பட்டது கடிகாரத்தின் மூடி அன்று. மின்கிட்டாரில் நாண்களின் கீழே பதிக்கப்பட்டிருக்கும் ஒரு சிறிய உலோக உறை. நீளம் மூன்று அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அகலம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். தீப்பெட்டியைவிடச் சிறிது நீண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்துணைச் சிறிய தகட்டைப் போடுவதா, எடுப்பதா என்பதில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இசைவாணர்கள் கருத்து வேறுபட்டு நிற்கின்றனர். அதன் பொருட்டு எத்தனையோ அரிய கருவிகள் பாழாயின. எத்தனையோ பேர் புதிய ஒலியையும் கண்டனர்.

முதலில் அவ்வுறைக்குள் இருப்பது யாது என்று காண்போம்.

ஒரு காந்தத்தின் அருகே கம்பிச்சுருளை வைத்து, காந்தப் புலத்தை மாறச் செய்தால் அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். பள்ளியில் நீங்கள் படித்த செய்திதான் இது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1931-இல், அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்ற இசைவாணர் இந்த உண்மையைக் கிட்டாரில் ஏற்றினார். எஃகு நாண் அதிர்கிறது. அது காந்தத்தின் அருகே அதிர்வதால் காந்தப் புலம் அசைகிறது. புலம் அசைவதால் சுருளில் மின்னலை எழுகிறது. அந்த அலையைப் பெருக்கிக்குச் செலுத்தினால் ஒலிபெருக்கி முழங்குகிறது. அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவருடன் கூடி அவர் செய்த அலுமினியக் கருவி வறுக்கும் சட்டியின் உருவத்தில் இருந்தமையால், அதற்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காந்தமும் சுருளும் சேர்ந்த இவ்வுறுப்பைத்தான் பிக்கப் என்று வழங்குகின்றனர். நாணின் அசைவைப் 'பொறுக்கி' எடுப்பது என்னும் பொருளில் எழுந்த பெயர் அது.

பெருங்குழுவில் ஊதுகுழல்களின் ஆரவாரத்தினிடையே கிட்டாரின் மெல்லிய குரல் கேட்பதே இல்லை என்னும் குறை இதனால் தீர்ந்தது. 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பின இளைஞர், கிப்ஸன் நிறுவனத்தின் மின்கிட்டாரை ஏந்தி, ஊதுகுழலுக்கு நிகராகத் தனித்து நின்று வாசித்தார். 1942-இல், இருபத்தைந்தாம் வயதில், அவர் மறைந்தார். அதற்குள் உலகம் மின்கிட்டாரின் குரலைக் கேட்டுவிட்டது.

நம் நாட்டவர்க்கும் இவ்வகை ஒலி புதிதன்று. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்களின் கருநாடக இசைக் கச்சேரியைக் கேட்டிருப்பீர்கள். அவர் கையிலிருந்ததும் மின்னால் ஒலித்த மாண்டலினே. மேடையில் அவர் இழைத்த கமகங்கள் மின்னலையாக மாறியே நம் செவியை அடைந்தன.

நன்மையோடு ஒரு தொல்லையும் உடன் வந்தது. கம்பிச்சுருள் நாணின் அசைவை மட்டுமா உணரும்? சுவரினுள் ஓடும் மின்கம்பி, விளக்கு, மின்மாற்றி ஆகிய எல்லாவற்றின் புலமும் அதற்கு ஒன்றே. அமெரிக்காவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் 50 முறை. அந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் சுருளில் புகுந்து, ஒலிபெருக்கியில் 'ஊம்' என்ற முரலலாக வெளிப்பட்டன. வாசிப்பவர் நாணைத் தொடாமல் இருந்தாலும் அந்த முரலல் ஓய்வதில்லை. பழைய வால்வு வானொலியைச் சரியாக நிலத்தோடு இணைக்காவிட்டால் கேட்கும் இரைச்சலை நினைவுகூர்க.

இத்தொல்லையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் செத் லவர். 1910-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் பிறந்தவர். கிப்ஸன் தொழிற்சாலையும் அந்நகரிலேதான் இருந்தது. வானொலிப் பொறிகளோடு பழகி வளர்ந்தவர், கடற்படையில் பணியாற்றியவர், 1952-இல் கிப்ஸனுக்குத் திரும்பினார். பெருக்கிகளில் முரலலைத் தணிக்க எதிர்ச்சுருள் வைக்கும் முறை அவருக்குத் தெரியும். அதையே பிக்கப்பில் ஏன் செய்யக்கூடாது என்று எண்ணினார்.

அவர் கண்ட வழி எளிது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்தார். இரண்டையும் மின்னோட்டம் எதிரெதிராகச் செல்லுமாறு இணைத்தார். வெளியிலிருந்து வரும் முரலல் இரு சுருளிலும் ஒருபடித்தாகவே நுழைகிறது. ஆனால் இணைப்பு எதிராக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. அவ்வாறாயின் நாணின் ஒலியும் அழியாதோ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நுட்பம். ஒரு சுருளினுள்ளே காந்தத்தின் வடமுனையும், மற்றதனுள்ளே தென்முனையும் இருக்குமாறு அவர் அமைத்தார். ஆகவே நாணின் மின்னலை முனையால் ஒருமுறை தலைகீழாகி, இணைப்பால் மறுமுறை தலைகீழாகி, மீண்டும் நேராகிறது. கணக்கில் குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வருவதுபோல என்க. முரலலை முட்டித் தள்ளுவது என்ற பொருளில் இதற்கு ஹம்பக்கர் என்று பெயராயிற்று. 1955 ஜூன் 22-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். அது கிடைத்ததோ 1959 ஜூலை 28-இல். இடைப்பட்ட காலத்தில் ரே பட்ஸ் என்ற மற்றொருவரும் கிரெட்ஷ் நிறுவனத்துக்காக இத்தகைய இரட்டைச் சுருளைத் தனியே அமைத்தார் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.

இனி நம் உறைக்கு வருவோம். சுருள்கள் இரண்டும் காந்தப் புலத்தால் வரும் முரலலை வெல்லும். மின்புலத்தால் வரும் கரகரப்பை வெல்ல அவற்றால் இயலாது. அதற்கு ஓர் உலோகக் கவசம் வேண்டும். கவசத்தை நிலத்தோடு இணைத்துவிட்டால், வரும் இரைச்சல் அதிலேயே இறங்கி ஒழியும். ஆனால் எந்த உலோகம்? இரும்பு ஆகாது, காந்தப் புலத்தையே விழுங்கிவிடும். செம்பும் பித்தளையும் நன்றாக மின்கடத்துவன. கடத்துவதே குற்றமாகிவிட்டது! மாறும் காந்தப் புலத்தின் நடுவே நல்ல கடத்தியை வைத்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும் என்பதை 1855-இல் ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டினார். அச்சுழல் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்த்து நிற்கும். கிட்டாரில் அது உச்ச ஒலிகளை உண்டுவிடும். நாணின் ஒலியிலுள்ள கூர்மையும் பளபளப்பும் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகும்.

லவர் முதலில் காந்தப் பற்றில்லாத துருவேறா எஃகை எண்ணினார். அதன் மின்தடை மிகுதி. ஆகவே சுழல் மின்னோட்டம் குறைவு. ஆனால் பற்றாசு அதில் ஒட்டுவதில்லை. முடிவில் ஜெர்மன் வெள்ளியைத் தேர்ந்தார். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. அதில் ஒரு குன்றிமணி வெள்ளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றும் கலந்த உலோகம் அது. நம் பாட்டிமார் விருந்தினர்க்கு எடுத்துவைத்த ஜெர்மன் வெள்ளித் தட்டுகளும் தம்ளர்களும் இதே இனத்தவைதான். பித்தளையைவிட இதன் மின்தடை மூன்று நான்கு மடங்கு மிகுதி. பற்றாசும் நன்கு பிடிக்கும். மெல்லிய தகடாக அடித்து, பெட்டிபோல் வளைத்து, நிக்கல் அல்லது பொன் முலாம் பூசி, அடித்தட்டின் இரு பக்கங்களிலும் பற்றாசு வைத்து ஒட்டினர். லவர் வரைந்த காப்புரிமைப் படத்தில் உறையின் முகம் வழவழவென்று இருந்தது. பின்னர் ஒரு வரிசைத் திருகாணிகள் அதில் தலைகாட்டின. விற்பனையாளர்க்கு வாங்குவோரிடம் எடுத்துச் சொல்ல ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது என்று லவரே பிற்காலத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டதுண்டு.

ஆக, உறையை அவர் அழகுக்காக மட்டும் வைத்தவர் அல்லர். எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று நிறுத்துப் பார்த்தே வைத்தார். இதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனில் அடுத்து வந்தவர்கள் அதை மறந்தனர்.

1957 முதல் இப் பிக்கப்புகள் கிப்ஸனின் லெஸ் பால் கிட்டார்களில் ஏறின. 1958 முதல் 1960 வரை, அந்தி வானம்போல் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக மெருகிட்ட கிட்டார்கள் சில வெளிவந்தன. மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து ஈராயிரத்துக்கும் குறைவாகவே அவை செய்யப்பட்டன. விற்பனை மந்தமாயிருந்தது; கனம் மிகுதி என்றனர் சிலர்; பழைய பாணி என்றனர் சிலர். 1961-இல் அவ்வடிவையே நிறுவனம் கைவிட்டது.

கைவிடப்பட்ட கருவி கடல் கடந்து, இலண்டனில் உயிர் பெற்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் உள்ளத்தைப் பறிகொடுத்த ஆங்கில இளைஞர் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அவர்களுள் எரிக் கிளாப்டன் ஒருவர். 1965-இல் ஜான் மேயாலின் குழுவில் சேர்ந்த அவர், ஒரு பழைய லெஸ் பால் கிட்டாரை வாங்கி, மார்ஷல் பெருக்கியோடு இணைத்தார். 1966-இல் டெக்கா நிறுவனத்தின் கூடத்தில் ஒலிப்பதிவு நடந்தது. கூடத்தில் மெல்ல வாசிப்பதே அக்கால வழக்கம். கிளாப்டன் உடன்படவில்லை. மேடையில் எவ்வளவு உரக்க வாசிப்பேனோ அவ்வளவு உரக்கவே இங்கும் வாசிப்பேன் என்றார். பெருக்கியின் வால்வுகள் தம் எல்லையைத் தாண்டின. ஒலி தடித்து, நீண்டு, அழுதது. அந்த ஆண்டு ஜூலையில் வெளிவந்த அத்தட்டு, மின்கிட்டார் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே விதி வகுத்தது எனலாம்.

அவருடைய கிட்டாரின் புகைப்படங்களை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டனர். பளபளக்கும் உலோகம் இருக்க வேண்டிய இடத்தில், உறை நீங்கிய சுருள் வெளியே தெரிந்தது. போதாதா? இலண்டனிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் திருப்புளியை எடுத்தனர். ஜெஃப் பெக், பீட்டர் கிரீன் போன்றோரின் கருவிகளும் உறையின்றியே காணப்பட்டன. உறையைக் கழற்றினால் ஒலி தெளிவுறும், வலுவுறும் என்னும் செய்தி வாய்வழியே பரவியது. உறையோடு கூடிய கிட்டார் பெரியவர்களின் கருவி, உறையற்றது இளைஞர்களின் கருவி என்னும் நிலையும் வந்தது. கிளாப்டனின் அக்கிட்டார் அதே 1966-இல், கிரீம் குழுவுக்காக அவர் ஒத்திகை செய்துகொண்டிருந்தபோது திருடு போயிற்று. அதன் ஒலியை நாம் கேட்கலாம். அதனைத் திறந்து ஆராய வழியில்லை.

கழற்றியவர் கூறிய காரணங்கள் மெய்யா? இதைச் சற்று ஆராய்வது தகும். உறை நீங்கினால் சுழல் மின்னோட்டம் ஒழிகிறது. உறைக்கும் சுருளுக்கும் இடையே இருந்த சிறு மின்தேக்கமும் ஒழிகிறது. ஆகவே உச்ச ஒலி கொஞ்சம் உயரும். உறையின் தடிமன் அளவுக்குப் பிக்கப்பை நாணுக்கு நெருக்கமாக உயர்த்தவும் இயலும். நெருங்கினால் வலு கூடும். ஆனால் லவர் தேர்ந்த ஜெர்மன் வெள்ளி உறையில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. பித்தளையில் செய்த மலிவான உறைகளிலோ வேறுபாடு நன்றாகவே கேட்கும். கழற்றி வியந்தவர்களுள் பாதிப்பேர் தம் செவியால் வியந்தனர், பாதிப்பேர் தம் ஆவலால் வியந்தனர் என்பது என் கருத்து.

ஒரு காரணம் மட்டும் மறுக்க முடியாதது. பெருக்கியை உச்சத்தில் வைத்து வாசிக்கும்போது, தளர்ந்த உறை மத்தளத்தின் தோல்போல் தானே அதிரும். அவ்வதிர்ச்சி சுருளில் புகுந்து, பெருக்கியில் பெருகி, மறுபடியும் உறையைத் தாக்கும்; முடிவில் காதைத் துளைக்கும் கீச்சொலி கிளம்பும். பழைய பிக்கப்புகளில் உறைக்கும் சுருளுக்கும் இடையில் வெற்றிடமே இருந்தது. உறையை எடுத்தால் அந்தக் கீச்சொலி குறையும். வேறு சிலர் உறையை எடுக்காமல், பிக்கப்பை உருக்கிய மெழுகில் அமிழ்த்தி இடைவெளியை நிரப்பினர். எட்டி வான் ஹேலன் என்னும் இளைஞர் தம் வீட்டிலேயே காப்பி டப்பாவில் மெழுகை உருக்கி இதைச் செய்தார். முயற்சியில் சில பிக்கப்புகளைக் கெடுத்தும் விட்டார். 1978-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில் அவ்வாறு பிறந்த ஒலியைக் கேட்கலாம். வீணையின் மெட்டுகளை மெழுகில் பதித்து அசையாமல் நிறுத்தும் நம் கைவினைஞர்க்கு இம்முறை வியப்பளிக்காது.

இவ்வேலை வீட்டில் எவ்வாறு நடக்கிறது என்பதை நான் நேரிலேயே கண்டேன். என் தமக்கையின் மகன் கல்லூரியில் பொறியியல் படிப்பவன். எவரோ வாசித்துக் கழித்த ஒரு கிட்டாரை வாங்கி வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்து மேசைமேல் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினான். நாண்களைத் தளர்த்தி அகற்றினான். பிக்கப்பைச் சுற்றியிருந்த சட்டத்தின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, அதனை மெல்லத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். அடித்தட்டின் இரு பக்கங்களிலும் நடுவே, உறையோடு அதனைப் பிணைத்திருந்த பற்றாசுத் துளிகள் பளிச்சிட்டன. அவற்றைச் சூட்டுக்கோலால் உருக்கி, செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்தான். எஞ்சியதை மெல்லிய ரம்பத்தால் அறுத்தான். நெடுநேரம் சூடு காட்டலாகாது. காட்டினால் உள்ளிருக்கும் நெகிழிச் சட்டங்கள் இளகி வளைந்துவிடும். பற்றாசில் ஈயம் கலந்திருக்கும் ஆதலால், சன்னலைத் திறந்து வை, வேலை முடிந்ததும் கையைக் கழுவு என்று நான் இரண்டு முறை சொன்னேன். அவன் ஒரு முறை கேட்டான்.

உள்ளே மெழுகு இருந்தது. முடி உலர்த்தும் கருவியால் உறையை இளஞ்சூடாக்கி, இரு பக்கமும் சமமாக அசைத்து அசைத்து இழுத்தான். உறை கழன்றது. இரண்டு சுருள்கள், சுற்றிலும் ஒட்டுநாடா, அவ்வளவே. பையன் முகம் மலர்ந்தது.

முதல் வெற்றி தந்த துணிவில் இரண்டாவது பிக்கப்பை அவசரமாகக் கையாண்டான். உறையின் உட்புறத்தில் ஒட்டுநாடா பிடித்துக்கொண்டிருந்தது. ஓர் இழுப்பு. உறையோடு நாடாவும், நாடாவோடு கம்பியும் வந்தன. அக்கம்பியின் பருமனை நீங்கள் அறிதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு, தலைமயிரினும் மெல்லியது. அதனை ஒவ்வொரு சட்டத்திலும் ஏறத்தாழ 5,000 சுற்றுச் சுற்றியிருப்பர். ஒரே ஓரிடத்தில் அறுந்தால் அச்சுருள் ஊமை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, நாணை மீட்டிப் பார்த்தான். "மாமா, ஓசை வரவில்லை" என்றான். நான் கடிகாரத்தை நினைத்துக்கொண்டேன். ஆயினும் இக்காலத்துப் பிள்ளைகள் நம்மைவிடப் பொறுமை உடையவர்கள். உருப்பெருக்கியின் கீழே இரண்டு மாலைப்பொழுதுகள் அமர்ந்து, அறுந்த நுனியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மெருகைச் சுரண்டி, மயிரிழை போன்ற வேறொரு கம்பியைப் பற்றவைத்துவிட்டான். பிக்கப் பேசிற்று. முன்னைவிட நன்றாகப் பேசிற்றா என்று கேட்டேன். சிறிது தயங்கி, "முதலாவது கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கிறது, இரண்டாவது உயிரோடு இருப்பதே போதும்" என்றான்.

அவன் கெடுத்தது விலை குறைந்த ஒரு பொருள். 1960-களில் கெட்டவை அத்தகையன அல்ல. இவ்விடத்தில் வரலாறு நோக்கி நிற்பவர்க்கு வருத்தம் தரும் செய்தி ஒன்றைக் கூற வேண்டும்.

காப்புரிமை கிடைக்கும்முன் செய்த பிக்கப்புகளின் அடியில், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பொறித்த சிறு கறுப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. அச்சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அப்பிக்கப்புகளைப் பி.ஏ.எஃப். என்று அழைப்பர். 1959-இல் காப்புரிமை கிடைத்த பின்னரும் சில ஆண்டுகள் அதே சீட்டுத் தொடர்ந்தது. ஏறத்தாழ 1962-இல் எண் பொறித்த சீட்டு வந்தது. எந்த எண்? 2,737,842. இது லவரின் காப்புரிமை எண் அன்று, அவருடையது 2,896,491. சீட்டிலுள்ளது, நாண்களைப் பிணைக்கும் வால்பகுதிக்காக லெஸ் பால் பெற்ற காப்புரிமையின் எண். பிழையா, போட்டியாளரைத் திசைதிருப்பும் தந்திரமா என்று இன்றும் வாதிடுகின்றனர். சீட்டில் அச்சிட்டிருப்பதெல்லாம் உண்மை என்று நம்பும் ஆராய்ச்சி மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

சீட்டு ஏமாற்றலாம், உள்ளிருக்கும் சுருள் எளிதில் ஏமாற்றாது. உறைகளைக் கழற்றியவர்களே எதிர்பாராத ஒன்றை முதலிற் கண்டனர். பெரும்பாலான பிக்கப்புகளில் சுருள் சுற்றிய சட்டங்கள் கறுப்பாக இருந்தன. 1959, 1960 ஆண்டுகளைச் சேர்ந்த சிலவற்றிலோ ஒன்று கறுப்பும் ஒன்று வெண்மஞ்சளுமாக, அல்லது இரண்டுமே வெண்மஞ்சளாக இருந்தன. நெகிழியில் கலக்கும் கருஞ்சாயம் கிடைக்காத நாட்களில் சாயமின்றியே வார்த்தனர் என்று காரணம் கூறப்படுகிறது. எப்படியும் உறைக்குள் மறையப்போவதுதானே என்று தொழிற்சாலை எண்ணியிருக்கும். மறைய வேண்டியது வெளிப்பட்டதும், அந்த வெண்மஞ்சள் நிறமே பெருமைக்குரியதாகிவிட்டது! வரிக்குதிரை என்றும் பிறவாறும் செல்லப் பெயர்கள் இட்டனர். 1970-களில் லாரி டிமார்ஸியோ என்பவர் பழைய பிக்கப்புக்கு மாற்றாக வலு மிகுந்த பிக்கப்புகளைச் செய்து விற்கத் தொடங்கியபோது, அவற்றை உறையின்றி, இரு சுருளும் வெண்மஞ்சளாகவே அமைத்தார். பின்னர் அமெரிக்காவில் அந்நிறச் சேர்க்கையே அவருடைய நிறுவனத்தின் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. தொழிற்சாலையில் சாயம் தீர்ந்துபோன ஒரு நாள், வேறொருவரின் வணிகச் சொத்தாக முடிந்ததைப் பாருங்கள்.

இப்போது அந்த 1958-60 கிட்டார்களின் விலை சில இலட்சம் டாலர்களை எட்டிவிட்டது. பி.ஏ.எஃப். பிக்கப்புகள் தனியாகவே பெரும்பொருள் பெறுகின்றன. விலை ஏறியதும் போலிகளும் பெருகின. சீட்டை அச்சிடலாம், உறையைப் பழமையாக்கலாம். ஆயின் தொழிற்சாலையில் வைத்த அந்த இரண்டு துளிப் பற்றாசை அப்படியே போலி செய்வது கடினம். ஆகவே வல்லுநர்கள் பிக்கப்பைக் கவிழ்த்து முதலில் அதனையே நோக்குகின்றனர். கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைக் கணிப்பவரைப் போல, பற்றாசின் வடிவையும் மங்கலையும் கொண்டு அது தீண்டப்படாததா என்று கணிக்கின்றனர். தீண்டப்படாததாயின் மதிப்பு மிகுதி. 1966-இலும் 1967-இலும் ஓர் இளைஞன் அரை மணி நேரத்தில் அறுத்தெறிந்தது இந்தச் சான்றையே. கழற்றிய உறைகள் இழுப்பறைகளில் கிடந்து, பிறகு குப்பையோடு சென்றன.

சான்றை அழித்தவர் என்று அவர்களைக் குறை கூறலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் கையிலிருந்தது பழம்பொருள் அன்று. விலைபோகாத, நிறுவனமே கைவிட்ட ஒரு பழைய கிட்டார். அவர்கள் அதைத் திறந்து, மாற்றி, உரக்க வாசித்ததனால் அன்றோ அதற்கு இந்த மதிப்பு வந்தது? அவ்விசைக்குப் பிறகு, 1968-இல், கிப்ஸன் நிறுவனம் லெஸ் பால் கிட்டாரைத் திரும்பவும் செய்யத் தொடங்கியது. பீட்டர் கிரீனின் கிட்டாரிலோ, ஒரு பிக்கப்பின் காந்தம் முனை மாறியிருந்தது. இரு பிக்கப்புகளும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றையொன்று ஓரளவு அழித்து, மூக்கால் பேசுவதுபோன்ற ஒரு மெல்லிய தனிக்குரல் எழும். தொழிற்சாலைக் கணக்கில் அது பிழை. இன்று அந்தப் பிழையையே வேண்டுமென்று செய்து விற்கின்றனர்.

எனினும் இன்று ஒருவர் கையில் தீண்டப்படாத பி.ஏ.எஃப். அகப்பட்டால் அவர் படும் பாடு வேறு. உள்ளிருப்பது கறுப்பா, வெண்மஞ்சளா? வெண்மஞ்சளாயின் விலை கூடும். அறிய வேண்டுமானால் திறக்க வேண்டும். திறந்தால் விலை குறையும். ஆகவே உறைமேல் தெரியும் திருகாணிகளுள் ஒன்றை மட்டும் கழற்றி, அந்தத் துளையில் ஒளியைப் பாய்ச்சி, நிறத்தை எட்டிப் பார்ப்பவர்களும் உளர்.

செத் லவர் 1967-இல் கிப்ஸனை விட்டு ஃபெண்டர் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே 1970-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த மற்றொரு இரட்டைச் சுருள் பிக்கப்புக்கும் உலோக உறையே இட்டார். ஊரெல்லாம் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த காலம் அது! தாம் கணக்கிட்டு வைத்ததை அவர் மாற்றவில்லை. 1994-இல், அவருடைய எண்பத்து நான்காம் வயதில், ஸீமர் டங்கன் என்ற பிக்கப் கைவினைஞரின் நிறுவனம் அவரையே துணைக்கொண்டு, பழைய முறையிலேயே ஒரு பிக்கப்பைச் செய்து அவர் பெயரால் வெளியிட்டது. மெழுகு இல்லை, ஜெர்மன் வெள்ளி உறை. லவர் 1997-இல் காலமானார். அப்பிக்கப்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது. வாங்கிச் செல்வோருள் சிலர், வீட்டுக்குப் போனதும், சூட்டுக்கோலைத்தான் தேடுகின்றனர்.